ஸ்கோபஸா, கூகுள் ஸ்காலரா, வெப் ஆஃப் சயின்ஸா? நரம்பியல் ஆய்வாளர் எந்த எண்ணைக் கொடுப்பது

நரம்பியலில் டி.எம். எனும் உயர் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு உதவிப் பேராசிரியர் பணிக்கோ வெளிநாட்டு ஃபெலோஷிப்புக்கோ விண்ணப்பிக்கும் இளம் மருத்துவர்கள் பலர், படிவத்தின் ஒரே கட்டத்தில் தடுமாறி நிற்கிறார்கள்: "மொத்த மேற்கோள்கள், ஹெச்-இண்டெக்ஸ்." இந்த எண்களைத் தருபவை ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்து மேற்கோள்களை எண்ணும் இணையத் தொகுப்புகள். கூகுள் ஸ்காலரில் ஓர் எண் இருக்கிறது. ஸ்கோபஸில் அதைவிடக் குறைவு. வெப் ஆஃப் சயின்ஸில் பெரும்பாலும் இன்னும் குறைவு. பெரிய எண்ணை எழுதினால் மிகைப்படுத்தியதாக நினைப்பார்களோ என்ற தயக்கம். சிறிய எண்ணை எழுதினால் அடுத்த விண்ணப்பதாரர் முந்திவிடுவாரோ என்ற கவலை.

மூன்றும் உண்மையான எண்களே. உங்கள் கட்டுரையை இன்னொருவர் தம் கட்டுரையின் ஆதாரப் பட்டியலில் சேர்த்தால் அது ஒரு மேற்கோள். அந்த இன்னொருவரின் கட்டுரை எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறுகிறது. ஆகவே எது சரியான எண் என்று கேட்பதைவிட, இந்த விண்ணப்பத்தைப் படிப்பவர் எந்தத் தொகுப்பை ஏற்பார் என்று கேட்பதே பயன் தரும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து அளவுகோல்கள் போதும். படிப்பவர் யார்: அரசு மருத்துவக் கல்லூரியின் தேர்வுக் குழுவா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமா, ஆய்வு நிதி தரும் அமைப்பா? எதையெல்லாம் எண்ணுகிறார்கள்: ஆய்விதழ்களை மட்டுமா, ஆய்வேடுகளையும் மாநாட்டுச் சுருக்கங்களையும் சேர்த்தா? உங்கள் பெயரிலுள்ள கட்டுரைகள் அனைத்தும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றனவா? சிறிய உட்பிரிவில் உழைப்பவருக்கு அந்த எண் நியாயம் செய்கிறதா? கடைசியாக, பணமும் நேரமும் எவ்வளவு பிடிக்கும்?

இவற்றில் முதலாவதற்கே நான் அதிக எடை கொடுப்பேன். மூன்றாவதைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. தமிழ்ப் பெயர் உள்ளவர்களுக்கு இழப்பு அதிகம் நேர்வதும் அங்கேதான்.

## முதலில் ஒரு சிறிய கணக்கு

ஹெச்-இண்டெக்ஸை 2005-இல் அறிமுகப்படுத்தியவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ். ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் வரிசையில் அடுக்க வேண்டும். குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஐந்து இருந்தால் இண்டெக்ஸ் 5. ஆறாவது கட்டுரைக்கும் ஆறு மேற்கோள் இருந்தால் 6.

ஓர் இளம் மருத்துவருக்கு ஏழு கட்டுரைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்கோள்கள் முறையே 210, 34, 19, 8, 6, 5, 2. மொத்தம் 284, ஹெச்-இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரை பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து எழுதிய சிகிச்சை வழிகாட்டி. அதில் இவர் நாற்பதாவது ஆசிரியர். அதை நீக்கிப் பாருங்கள். மொத்தம் 74-ஆகச் சரிந்துவிடும். ஹெச்-இண்டெக்ஸ் அப்போதும் 5-தான். ஆக, மொத்த மேற்கோளை மட்டும் பார்க்கும் குழு இவரை மிகையாக மதிப்பிடும். ஹெச்-இண்டெக்ஸை மட்டும் பார்க்கும் குழுவுக்கு அந்த 210 இருந்ததும் தெரியாது, இல்லாததும் தெரியாது. 34 மேற்கோள் பெற்ற கட்டுரையில் இவர் முதல் ஆசிரியர் என்பதை இரண்டு எண்களுமே சொல்லவில்லை. எனக்கு இந்த மருத்துவரைப் பற்றித் தெரிய வேண்டியது அதுதான்.

நரம்பியலில் இந்தக் கோளாறு கூடுதலாகவே இருக்கிறது. நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸைக் கண்டறிவதற்கான மெக்டொனால்டு வரையறைகள் 2001, 2005, 2010, 2017 என மீண்டும் மீண்டும் திருத்தி வெளியிடப்பட்டன. அந்த நோயைப் பற்றி எழுதுபவர் எவரும் அவற்றைக் குறிப்பிடாமல் தாண்ட முடியாது. 1975-இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியரும் மெக்ஹ்யூவும் வெளியிட்ட, நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் அளக்கும் மினி மென்டல் ஸ்டேட் பரிசோதனையும் அப்படியே: அதைப் பயன்படுத்தும் ஒவ்வோர் ஆய்வும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது. வரையறையும் அளவுகோலும் வகுத்தவர்களுக்கு மேற்கோள் குவிவது இயல்பு. இதற்கு நேர்மாறாக, பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் டி.பி.ஏ. மருந்தை நிலைநாட்டிய 1995-ஆம் ஆண்டின் அமெரிக்க ஆய்வு, ஆய்வுக் குழுவின் பெயரிலேயே வெளியானது. அதில் உழைத்த மருத்துவர்களின் தனிப்பட்ட கணக்கில் அந்த மேற்கோள்கள் எளிதாகச் சேராது.

## கூகுள் ஸ்காலர்

2004 நவம்பரில் வந்தது; ஆய்வாளர் தமக்கென ஒரு பக்கம் வைத்துக்கொள்ளும் வசதி 2011-இல் சேர்ந்தது. காசு இல்லை, சந்தா இல்லை. முன்பதிப்பு (இதழில் வெளியாகும் முன்பே இணையத்தில் ஏற்றிய கட்டுரை), ஆய்வேடு, நூல், மாநாட்டுச் சுருக்கம், சிறிய இந்திய ஆய்விதழ் என எல்லாவற்றையும் வாரிக்கொள்கிறது. அதனால்தான் இங்கே எண் பெரிதாக இருக்கிறது. மற்ற தொகுப்புகளில் இடம்பெறாத இதழ்களில் வந்த பழைய கட்டுரைகளுக்கு யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று தேட இதைவிட நல்ல இடம் கிடையாது.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். உங்கள் பெயருக்கு நெருக்கமான இன்னொருவரின் கட்டுரையைத் தானாகவே கொண்டுவந்து உங்கள் பக்கத்தில் சேர்த்துவிடும். அதை நீங்கள் கவனிக்காவிட்டாலும் தேர்வுக் குழுவில் ஒருவர் கவனித்துவிடுவார். ஆகவே பக்கத்தைத் தொடங்கிய அன்றே, புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்காமல் மின்னஞ்சலில் அனுமதி கேட்கும்படி அமைப்பை மாற்றிவிடுங்கள். ஒரே கட்டுரை இரண்டு வடிவில் வந்திருந்தால் இணைத்துவிடுங்கள்.

இரண்டாவது குறை இன்னும் பெரியது: இங்கே நுழைவாயிலில் காவல் இல்லை. 2012-இல் ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஆறு போலி ஆவணங்களை எழுதி, அவற்றில் தங்கள் குழுவின் 129 கட்டுரைகளை மேற்கோள் காட்டி, பல்கலைக்கழக இணையதளத்தில் ஏற்றினார்கள். அவ்வளவுதான், 774 மேற்கோள்கள் கூடிவிட்டன. தமக்குத் தாமே காட்டிக்கொண்ட மேற்கோள்களைக் கழித்துப் பார்க்கும் வசதியும் இங்கே இல்லை. இதை அறிந்த குழுக்கள் கூகுள் ஸ்காலர் எண்ணைத் தனியாக நம்புவதில்லை.

பொருந்தும் இடம்: சொந்தக் கண்காணிப்பு, நூலும் நூலின் இயல்களும் அதிகம் எழுதியவர், தொழிலின் தொடக்கத்தில் இருப்பவர். படிவத்தில் ஒரே எண்ணைத்தான் கொடுக்க முடியும் என்றால் இதைக் கொடுக்க வேண்டாம்.

## ஸ்கோபஸ்

எல்சேவியர் நிறுவனம் 2004-இல் தொடங்கியது. இந்தியாவில் மருத்துவக் கல்வி வட்டாரத்தில் அதிகம் புழங்கும் பெயர் இதுவே. எந்த ஆய்விதழைச் சேர்ப்பது என்று ஒரு குழு பரிசீலிக்கிறது. தரம் குறைந்ததாகக் கண்ட இதழ்களை இடையில் நிறுத்தியும் விடுகிறது. சந்தா கட்டிய நிறுவனத்தில் இருந்தால் சுயமேற்கோளை நீக்கிப் பார்க்கலாம். சந்தா இல்லாத தனியார் மருத்துவமனை மருத்துவரும் ஆசிரியர் தேடல் பக்கத்தில் தம் கட்டுரை எண்ணிக்கை, மொத்த மேற்கோள், ஹெச்-இண்டெக்ஸ் மூன்றையும் இலவசமாகப் பார்க்க முடியும். பலருக்கு இது தெரியாது.

பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் பெருமையுடன் அறிவிக்கும் "உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்" பட்டியலும் ஸ்கோபஸ் தரவிலிருந்தே வருகிறது. ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு தயாரிப்பது. மொத்த மேற்கோள், ஹெச்-இண்டெக்ஸ், கூட்டாசிரியர் எண்ணிக்கையைக் கணக்கில் எடுத்துத் திருத்திய ஹெச்-இண்டெக்ஸ், தனியாசிரியராக எழுதியவை பெற்ற மேற்கோள், முதல் ஆசிரியராக இருந்தவற்றையும் சேர்த்த மேற்கோள், கடைசி ஆசிரியராக இருந்தவற்றையும் சேர்த்த மேற்கோள் என ஆறு அளவுகளைக் கலந்து ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். நரம்பியலும் நரம்பு அறுவை சிகிச்சையும் சேர்ந்து அதில் ஓர் உட்பிரிவு. வாழ்நாள் முழுமைக்குமான பட்டியல் ஒன்று, ஓராண்டுக்கானது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு என்பதைச் செய்திக்குறிப்புகள் பெரும்பாலும் சொல்வதில்லை. உங்கள் பெயர் இருந்தால் எந்தப் பட்டியல், எந்த ஆண்டு என்று சேர்த்தே எழுதுங்கள்.

இந்தப் பட்டியல் ஆசிரியர் பங்கைக் கணக்கில் எடுப்பதால், வெறும் மொத்த மேற்கோளைவிட நியாயமானது என்பது என் கருத்து. ஆனால் அடித்தளத்தில் ஸ்கோபஸ் உங்களை ஒருவராக அறிந்திருக்க வேண்டும். ஒரே மருத்துவருக்கு இரண்டு மூன்று ஆசிரியர் அடையாள எண்கள் இருப்பது சாதாரணம். அப்போது ஹெச்-இண்டெக்ஸ் 12 உள்ளவர் 8 ஆகவும் 6 ஆகவும் பிரிந்து கிடப்பார். அவற்றை இணைக்கும்படி ஸ்கோபஸிடமே இலவசமாக விண்ணப்பிக்கலாம். பதில் வரக் காலம் பிடிக்கும் என்பதால், விண்ணப்பக் கடைசி நாளன்று தொடங்கக் கூடாது.

இன்னொரு வரம்பு: 1970-க்கு முந்தைய கட்டுரைகளின் ஆதாரப் பட்டியல்கள் இங்கே இல்லை. மூத்த பேராசிரியர்களின் பழைய பணி குறைவாகவே தெரியும்.

பொருந்தும் இடம்: இந்தியாவில் பணி, பதவி உயர்வு, விருது விண்ணப்பங்கள். சந்தேகமாக இருந்தால் இதையே தேர்ந்தெடுங்கள்.

## வெப் ஆஃப் சயின்ஸ்

மேற்கோள்களை எண்ணும் வழக்கம் பரவலானது இங்கிருந்துதான். 1964-இல் ஃபிலடெல்ஃபியாவில் யூஜீன் கார்ஃபீல்டு வெளியிட்ட சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸின் வாரிசு இது. 2016 முதல் கிளாரிவேட் நிறுவனத்தின் கையில். உண்மையான இம்பேக்ட் ஃபேக்டர் இங்கே கணக்கிடப்படுவது மட்டுமே. வேறு பெயர்களில் "உலகளாவிய இம்பேக்ட் ஃபேக்டர்" என்று போட்டுக்கொள்ளும் இதழ்களிடமிருந்து தள்ளியே இருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இம்பேக்ட் ஃபேக்டர் இதழுக்குரியது, உங்களுக்குரியதல்ல. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவை இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதே அது. உங்கள் கட்டுரைகள் வந்த இதழ்களின் இம்பேக்ட் ஃபேக்டர்களைக் கூட்டி ஒரு மொத்தம் எழுதும் வழக்கம் நம் தன்விவரக் குறிப்புகளில் இருக்கிறது. அதற்கு எந்தப் பொருளும் இல்லை. 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனம், தனி ஆய்வாளரை இதழின் இம்பேக்ட் ஃபேக்டரை வைத்து மதிப்பிடக் கூடாது என்றே கேட்டுக்கொண்டது. அதில் கையெழுத்திட்ட வெளிநாட்டு நிறுவனத்துக்கு அந்தக் கூட்டுத்தொகையை அனுப்பினால் உங்களுக்கே பாதகம்.

பழமை இதன் பலம். அறிவியல் பிரிவின் தரவு 1900 வரை பின்னோக்கிச் செல்கிறது. இந்தியச் சிறிய இதழ்கள் குறைவு என்பது பலவீனம். நிறுவனச் சந்தா கனமானது. ஆய்வாளர் பக்கத்தை மட்டும் இலவசமாகத் தொடங்கலாம்.

பொருந்தும் இடம்: வெளிநாட்டு ஃபெலோஷிப், அடிப்படை நரம்பு அறிவியல் ஆய்வகங்கள், ஐம்பது ஆண்டுகால ஆய்வுப் பணியைத் தொகுக்க வேண்டிய மூத்தவர்கள்.

## பப்மெட், ஐசைட்

பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இலவசத் தளம். அதில் உங்களுக்கு எத்தனை கட்டுரை என்று சொல்லலாம். அது மேற்கோள் அட்டவணை அல்ல. ஆனாலும் இந்திய மருத்துவப் பணியிடங்களுக்கு இதன் முக்கியத்துவம் பெரியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு ஆசிரியர் தகுதி விதிமுறைகள் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், எம்பேஸ், ஸ்கோபஸ் முதலிய தொகுப்புகளில் உள்ள இதழ்களில் வந்த கட்டுரைகளைக் கேட்டன. எத்தனை மேற்கோள் என்று கேட்கவில்லை. விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ள அறிவிக்கையைப் படித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. மெட்லைன் தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பு. பப்மெட் சென்ட்ரல் முழுக் கட்டுரைகளின் காப்பகம். பப்மெட் இரண்டையும் தேடும் வாசல். ஆய்வு நிதி விதிமுறைக்காக ஒரு கட்டுரை மட்டும் காப்பகத்தில் சேர்க்கப்பட்டிருந்தால் அது பப்மெட்டில் தெரியும். அந்த இதழ் மெட்லைனில் இருக்கிறது என்று அதற்குப் பொருளல்ல. கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இதழ் பட்டியலில் பார்த்துவிடுங்கள். பதிப்புக் கட்டணம் கட்டிய பிறகு பார்ப்பதில் பயனில்லை.

ஐசைட் என்பது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் இலவசமாகத் தரும் கருவி. கட்டுரைகளின் பப்மெட் அடையாள எண்களை ஒட்டினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் கிடைக்கும். 1.0 என்றால், அந்த நிறுவனத்தின் நிதியில் வந்த அதே ஆண்டு, அதே துறைக் கட்டுரைகளின் நடுமதிப்புக்குச் சமம். துறையை இதழின் பெயரை வைத்து முடிவுசெய்யாமல், உங்கள் கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளை வைத்து முடிவுசெய்கிறது.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அல்சைமரிலோ பக்கவாதத்திலோ எழுதுபவருக்கு உலகெங்கும் வாசகர்கள். நம் மருத்துவமனை வார்டுகளில் நாள்தோறும் பார்க்கும் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் (மூளையில் நாடாப்புழுத் தொற்று), காசநோய் மூளையுறை அழற்சி ஆகியவற்றில் எழுதுபவருக்கு மேற்கோள் காட்டுவோர் கூட்டமே சிறியது. சென்னை மருத்துவர்கள் 1970-இல் விவரித்த மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் வயதிலேயே கைகால் மெலிவு, முகத்திலும் தொண்டையிலும் தசைத் தளர்ச்சி, கூடவே கேள்திறன் இழப்பு. பெரும்பாலும் தென்னிந்தியாவில் காணப்பட்ட அரிய நோய். ஒரு நோயையே உலகுக்கு அடையாளம் காட்டிய பணி அது. மேற்கோள் எண்ணிக்கையில் ஓர் அல்சைமர் மீளாய்வுக் கட்டுரையோடு அதை நிறுத்தினால் காணாமல் போய்விடும். சிறிய துறையில் இருப்பவருக்குத் துறை சார்ந்து திருத்திய விகிதமே குறைந்தபட்ச நியாயம்.

குறைகளும் உண்டு. 1980-க்கு முந்தைய கட்டுரைகளுக்கு இந்த விகிதம் இல்லை. ஆகவே 1970-இன் அந்தக் கட்டுரைக்கே இது உதவாது. பப்மெட்டுக்கு வெளியே உள்ளவை கணக்கில் வராது. புதிதாக வந்த கட்டுரைக்கு நம்பத்தக்க எண் கிடைக்கச் சில காலம் ஆகும்.

## ஒரே பார்வையில்

| | கூகுள் ஸ்காலர் | ஸ்கோபஸ் | வெப் ஆஃப் சயின்ஸ் | பப்மெட் + ஐசைட் |
|---|---|---|---|---|
| கட்டணம் | இல்லை | நிறுவனச் சந்தா. ஆசிரியர் விவரம் இலவசம் | நிறுவனச் சந்தா. சொந்தப் பக்கம் இலவசம் | இல்லை |
| சேர்க்கை | ஏறக்குறைய எல்லாம் | பரிசீலித்த இதழ்கள் | கடுமையாகத் தேர்ந்த இதழ்கள் | உயிர்மருத்துவம் மட்டும் |
| எண்ணின் அளவு | பெரிது | நடுத்தரம் | பெரும்பாலும் சிறிது | கட்டுரைவாரியான விகிதம் |
| சுயமேற்கோள் நீக்கம் | முடியாது | முடியும் | முடியும் | இல்லை |
| பெயர்க் குழப்பம் | நீங்களே களைய வேண்டும் | விண்ணப்பித்துத் திருத்தலாம் | விண்ணப்பித்துத் திருத்தலாம் | அதிகம் |
| சிறிய துறைக்கு நியாயம் | குறைவு | குறைவு | குறைவு | ஓரளவு உண்டு |

## தலைப்பெழுத்துப் பிரச்சினை

எந்தத் தொகுப்பைத் தேர்ந்தெடுத்தாலும் இது முடிந்திருக்க வேண்டும். கந்தசாமி மகன் முருகன் எம்.பி.பி.எஸ். படிக்கும்போது கே. முருகன். பாஸ்போர்ட்டில் முருகன் கந்தசாமி. ஓர் இதழ் அவரை "முருகன் கே" என்று பதிவுசெய்யும்; இன்னொன்று கந்தசாமியைக் குடும்பப் பெயராக எடுத்து "கந்தசாமி எம்" என்று பதிவுசெய்யும். கணினிக்கு இவர்கள் இரண்டு மனிதர்கள். "குமார் எஸ்" என்று தேடினாலோ ஒரே பெயரில் பெருங்கூட்டமே நிற்கும். திருமணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் மருத்துவர்களின் முதல் பத்தாண்டுப் பணி இப்படித்தான் தனியே கழன்று கிடக்கிறது. இதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு.

தீர்வு எளியது. முதல் கட்டுரையை அனுப்பும் முன் பெயரின் ஒரே வடிவத்தை முடிவுசெய்து, இறுதிவரை அதையே எழுதுங்கள். 2012-இல் தொடங்கிய ஆர்கிட் அமைப்பில் 16 இலக்க எண் ஒன்றை இலவசமாக வாங்கி, ஒவ்வொரு கட்டுரையிலும் இணையுங்கள். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டிலும் உள்ள உங்கள் பக்கங்களை அதனுடன் கோத்துவிடலாம்.

## உங்கள் நிலைமைக்கு எது

அரசு அல்லது தனியார் மருத்துவக் கல்லூரிப் பணி என்றால், பப்மெட் எண்ணோடு கட்டுரைப் பட்டியல், பக்கத்தில் ஸ்கோபஸின் ஹெச்-இண்டெக்ஸ். வெளிநாடு என்றால் வெப் ஆஃப் சயின்ஸ் எண், ஆர்கிட் இணைப்பு, உங்கள் மிகச் சிறந்த மூன்று கட்டுரைகளில் நீங்கள் செய்தது என்ன என்று ஓரிரு வரிகள். அரிய நோய்களில் உழைப்பவர் ஐசைட் விகிதத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். எந்த எண்ணையும் மொட்டையாக எழுதாதீர்கள். "ஸ்கோபஸ், சுயமேற்கோள் நீங்கலாக", பார்த்த தேதி, இரண்டும் இருந்தால் யாரும் சரிபார்க்கலாம். மேற்கோள் எண்ணிக்கை வாரந்தோறும் மாறுவது. தேதியில்லாத எண்ணை நான் படிப்பதே இல்லை.

தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கும் ஒன்று. அல்சைமர் நோயில் ஒரு குறிப்பிட்ட அமிலாய்டு புரதத் திரளை முன்வைத்து 2006-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றது. படங்கள் திருத்தப்பட்டிருப்பதாக 2022-இல் கேள்வி எழுந்தது. 2024-இல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. அந்த மேற்கோள்கள் எல்லாம் எண்ணிக்கையில் அப்படியே இருக்கின்றன. எந்தத் தொகுப்பும் அவற்றைக் கழிக்கவில்லை. ஆகவே பெரிய எண்ணைக் கண்டால், அந்த எண்ணைத் தூக்கி நிறுத்தும் முதல் இரண்டு கட்டுரைகளையாவது திறந்து, திரும்பப் பெறப்பட்டதற்கான குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிஎச்.டி. வழிகாட்டியைத் தேடும் மாணவர்கள் இதே எண்களை வேறு கண்ணால் பார்க்க வேண்டும். வழிகாட்டியின் ஹெச்-இண்டெக்ஸ் உங்களுக்கு அதிகம் உதவாது. அது வயதோடு கூடிக்கொண்டே போகும், ஒருபோதும் குறையாது. பப்மெட்டில் அவருடைய கடந்த ஐந்தாண்டுக் கட்டுரைகளை எடுத்து, கடைசி ஆசிரியராக (ஆய்வை வழிநடத்தியவர் பெயர் வழக்கமாக அங்கேதான் வரும்) அவர் இருக்கும் கட்டுரைகளில் முதல் ஆசிரியர் யார் என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு மாணவர்களின் பெயர்கள் வந்தால் அந்த ஆய்வகத்தில் சேரலாம். மாறாக, அந்த ஐந்தாண்டுக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் வழிகாட்டியின் பெயரே முதலில் நின்றால், அவருடைய பழைய மாணவர் ஒருவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.